வாசகர் கேள்வி பதில்: தூண்டிலில் கெண்டை, சட்டியில் குழம்பு

போன இதழில் ஏரி மீன் பார்த்து வாங்குவது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கெண்டையைப் பற்றித்தான். கட்லா, ரோகு, மிர்கால், சாதாக் கெண்டை எல்லாம் ஒரே குடும்பம் என்பதால் எல்லாவற்றுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

மேட்டூர் அணையில் பண்ணவாடிப் பக்கம் கரையில் உட்கார்ந்து மண்புழு கோத்துப் போடுகிறேன். தக்கை ஆடிக்கொண்டே இருக்கிறது. இழுத்தால் முள் காலி, இல்லாவிட்டால் விரல் நீளத்துக்கு ஒரு ஜிலேபி மீன். பக்கத்தில் இருப்பவர் மட்டும் பெரிய பெரிய கெண்டையாகத் தூக்குகிறார். அவர் அப்படி என்ன செய்கிறார் சார்?
– ஆர்.கே., மேச்சேரி

முதலில் அந்த மண்புழுவை விடுங்கள். கெண்டையும் புழு தின்னும்தான், ஆனால் அதற்கு முன்னால் ஜிலேபியும் கெளுத்தியும் வந்து பிய்த்துக்கொண்டு போய்விடும், மேட்டூர் மாதிரி ஜிலேபி மண்டிக் கிடக்கும் தண்ணீரில் கேட்கவே வேண்டாம். மக்காச்சோளத்தை ராத்திரி ஊறவைத்துக் காலையில் நகத்தால் அழுத்தினால் பதியும் அளவுக்கு வேகவையுங்கள், குழைய விடவேண்டாம். அதில் இரண்டு சோள மணியை முள்ளில் கோத்துப் போட்டால் சின்ன மீனால் எளிதில் ஒன்றும் செய்யமுடியாது. கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள்தான் பல், அங்கே வைத்துச் சோளத்தை நொறுக்கிவிடும். ஊறவைத்த கொண்டைக்கடலையும் சரிதான்.

இரண்டாவது, வெறும் தண்ணீரில் முள்ளைப் போட்டுவிட்டு மீன் தேடி வரும் என்று உட்காரக்கூடாது. கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து, தவிடும் கொஞ்சம் வெந்த சோளமும் சேர்த்து எலுமிச்சை அளவு உருண்டைகளாகப் பிடித்து, தூண்டில் போடப்போகும் இடத்தில் நாலைந்து எறிந்துவிட்டு, ஒரு மணி நேரம் கரையில் சத்தம் போடாமல் இருங்கள். முந்தின நாள் சாயங்காலமே போட்டுவைத்தால் இன்னும் நல்லது. கெண்டை கூட்டமாக மேயும் மீன், தீனி கிடைத்த இடத்துக்குத் திரும்ப வரும். சேற்றைக் கிளறித் தின்னும்போது அடியிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி கொத்தாகக் கிளம்பி, அந்தக் கொத்து மெல்ல நகர்ந்துகொண்டே போகும். ஒரே இடத்தில் ஒரு குமிழி வந்து நின்றுபோனால் அது சேற்றிலிருந்து வரும் வாயு. நகர்ந்தால் மீன்.

அப்புறம் ஆழம். சாதாக் கெண்டையும் மிர்காலும் தரையில் மேய்பவை, அதனால் இரை தரையைத் தொடவேண்டும். முள்ளுக்கு நாலு விரல் மேலே ஒரு ஈயக்குண்டு, அது தரையில் உட்காரும்படி தக்கையை ஏற்றிக் கட்டுங்கள். இப்படிக் கட்டினால் ஒரு வேடிக்கை நடக்கும், கெண்டை இரையை உறிஞ்சித் தலையைத் தூக்கும்போது ஈயமும் கூடவே எழும்பும், அதனால் தக்கை உள்ளே போகாமல் மேலே எழுந்து தண்ணீரில் படுத்துவிடும். நிறையப் பேர் அதைக் காற்று என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், அது அமுங்கும்வரை காத்திருப்பதற்குள் மீன் துப்பிவிடும். தக்கை படுத்ததுமே மணிக்கட்டால் ஒரு சுண்டு, அவ்வளவு போதும். ஆவேசமாகப் பிடுங்கினால் அதன் சதைப்பற்றான உதடு கிழிந்துவிடும்.

கட்லாவுக்கு இது சரிவராது. அதன் வாய் மேல்நோக்கி இருப்பதைப் பார்த்தாலே தெரியும், அது மேல்தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும் மீன். பிண்ணாக்குப் பொடியோடு மைதாவைத் தளர்வாகப் பிசைந்து, தண்ணீரில் கரைந்து புகைபோல் பரவும் உருண்டையாக, தரைக்கு மேலே தொங்கவிடவேண்டும். ரோகு இரண்டுக்கும் நடுவில் திரியும்.

வெயில் ஏறியதும் கெண்டை ஆழத்துக்குப் போய்விடும், விடியற்காலையும் பொழுது சாயும் நேரமும்தான் கரைக்காரனுக்கு. மழை பெய்து புதுத்தண்ணீர் வாய்க்கால் வழியாக ஏரிக்குள் நுழையும் இடம் கிடைத்தால் வேறெங்கும் போகாதீர்கள்.

ஊட்டியில் ஒரு நண்பர் தூண்டிலில் பிடித்த கெண்டைக்கு உடம்பில் செதிலே இல்லை, முதுகோரமும் நடுவிலும் ரூபாய் நாணயம் போல ஏழெட்டுப் பெரிய செதில் மட்டும். நோய் பிடித்த மீனா? சாப்பிடலாமா?
– பி.எஸ்., குன்னூர்

நோயெல்லாம் இல்லை. அது கண்ணாடிக் கெண்டை, சாதாக் கெண்டையிலேயே ஒரு வகை. ஐரோப்பாவில் வளர்த்து உருவாக்கிய இந்த இனம் 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது. குளிர்த் தண்ணீர் அதற்கு ஒத்துப்போய்விட்டது. சமவெளியில் நாம் பார்க்கும் சாதாக் கெண்டை வேறு வழியில், 1957-ல் பாங்காக்கிலிருந்து வந்த இனம். செதில் உரிக்கிற வேலை மிச்சம், தாராளமாகச் சாப்பிடுங்கள்.

கட்லா, ரோகு நம்ம ஊர் மீன் இல்லையாமே? எங்கள் ஏரியில் வருஷா வருஷம் குஞ்சு கொண்டுவந்து விடுகிறார்கள். விட்டது தானாகப் பெருகாதா?
– ஒரு வாசகர், திருவண்ணாமலை

ரோகுவும் மிர்காலும் கங்கைப் பக்கத்து மீன்கள், கட்லா கோதாவரி வரை உண்டு. காவிரிக்கும் நம் ஏரிகளுக்கும் மனிதர்கள் கொண்டுவந்து சேர்த்தவைதான். இந்த மூன்றும் மழைக்காலத்து ஆற்று வெள்ளத்தில்தான் முட்டையிடும், ஏரியில் சினை பிடித்தாலும் பொதுவாக முட்டையிடாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் ஊசி வழியாகச் சுரப்பிச் சாறு ஏற்றிக் கெண்டையைப் பண்ணையிலேயே முட்டையிட வைத்தார்கள். அதற்கு முன்னால் ஆற்றில் குஞ்சு வாரினால்தான் உண்டு. ஜூலை 10-ஐ இன்றும் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். சாதாக் கெண்டைக்கு இந்தத் தொல்லை இல்லை, தேங்கிய தண்ணீரிலேயே பாசி, கொடி மேல் முட்டையை ஒட்டிவிடும்.

என்ன செய்தாலும் ஏரிக் கெண்டையில் சேறு நாற்றம் போகமாட்டேன் என்கிறது. வீட்டுக்காரர் ஆசையாகப் பிடித்துக்கொண்டு வருகிறார், பிள்ளைகள் தொடமாட்டேன் என்கிறார்கள். வழி சொல்லுங்கள்.
– எம்.வி., அரூர்

நாற்றம் உண்மையில் சேறு இல்லை. தண்ணீரில் இருக்கும் நீலப்பச்சைப் பாசியும் சிலவகை நுண்ணுயிர்களும் ஜியோஸ்மின் என்று ஒரு பொருளை வெளிவிடுகின்றன. மழை பெய்ததும் மண் மணக்கிறதே, அதே பொருள்தான். நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே நம் மூக்குக்குத் தெரிந்துவிடும். மீன் இதைச் செவுள் வழியாக இழுத்துக் கொழுப்பில் சேர்த்துவைக்கிறது, அதனால் மேலே எத்தனை தடவை கழுவினாலும் பலன் கொஞ்சம்தான்.

உங்கள் வீட்டுக்காரர் மீனை உயிரோடு கொண்டுவர முடிந்தால், சுத்தமான தண்ணீர்த் தொட்டியில் தீனி போடாமல் இரண்டு மூன்று நாள் விட்டுவையுங்கள், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வேண்டாம். வாடை பெருமளவு இறங்கிவிடும். முடியாது என்றால் கத்தியை நம்புங்கள். வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வை முழுக்கச் சுரண்டி எடுங்கள். முதுகெலும்போரம் உறைந்த ரத்தத்தைக் கட்டைவிரலால் வழித்துவிடுங்கள். தோலை உரித்தால், அதனடியில் பக்கவாட்டில் தலை முதல் வால் வரை ஓடும் சிவந்த சதையையும் வயிற்றோரக் கொழுப்பையும் சீவிவிடுங்கள், வாடை அதிகம் தங்குவது அங்கேதான். பிறகு கல்லுப்பு, மஞ்சள் போட்டுத் தேய்த்து, புளித்தண்ணீரில் கால் மணி நேரம் ஊறட்டும். புளிப்பு ஜியோஸ்மினைச் சிதைக்கும். ஏரி மீனுக்கு நம் வீடுகளில் புளியைக் கொஞ்சம் தூக்கலாக விடுவதும் வீண் இல்லை.

குழம்புக்கும் அதே கணக்கு. ஒரு கிலோ மீனுக்குப் பெரிய எலுமிச்சை அளவு பழைய புளி. மண்சட்டியில் நல்லெண்ணெய், வெந்தயம், கறிவேப்பிலை, இரண்டு கைப்பிடி சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, மிளகாய்த் தூளும் மல்லித் தூளும் போட்டுப் புளியை ஊற்றி, எண்ணெய் மேலே மிதக்கும்வரை குழம்பை மட்டும் கொதிக்கவிடுங்கள். மீன் அதற்கப்புறம்தான், அதுவும் பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். கரண்டி போடாமல் சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி இறக்குங்கள். தேங்காய் அரைத்து ஊற்றினால் வாடை தூக்கிக் காட்டும் என்பது என் கட்சி, சேலத்துக்காரர்கள் சண்டைக்கு வரலாம்.

எங்கள் மாமனார் கெண்டையின் பித்தப்பையைப் பச்சையாக விழுங்கினால் சர்க்கரை குறையும் என்கிறார். யாரோ சொன்னார்களாம். செய்யலாமா?
– கே.எல்., பவானி

கூடவே கூடாது. கெண்டைப் பித்தம் விஷம். ரோகு, புல்கெண்டை ஆகியவற்றின் பித்தப்பையை இப்படி மருந்தென்று விழுங்கி, சில மணி நேரத்தில் வாந்தி பேதி கண்டு, இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம் நின்றுபோய் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் வரை போனவர்களைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது. யாராவது ஏற்கெனவே விழுங்கியிருந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே கூட்டிக்கொண்டு போங்கள், என்ன விழுங்கினார் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். மீன் அறுக்கும்போது கரும்பச்சையாகக் குடலோடு ஒட்டியிருப்பதுதான் பித்தப்பை. உடைந்துவிட்டால் பச்சை பட்ட சதையை வெட்டி எறிந்துவிட்டு மீதியை உப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எங்கள் ஊர் ஏரியில் தூண்டில் போட்டால் குத்தகைக்காரர் சத்தம் போடுகிறார். ஏரி பொதுதானே?
– டி.எம்., செய்யாறு

ஏரி பொது, அதில் குஞ்சு விட்டு வளர்த்தது அவர். குத்தகை இருக்கும்வரை மீன் உரிமை அவருடையது. போய்ப் பேசுங்கள், கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு விடுகிறவர்கள் உண்டு. அணைகளில் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு உட்காருங்கள். மதகுக்குக் கீழே மட்டும் யார் அனுமதி கொடுத்தாலும் இறங்கவேண்டாம், தண்ணீர் திறந்துவிட்டால் கரையேற நேரம் இருக்காது.

குழந்தைக்குக் கெண்டை கொடுக்க முள் பயமாக இருக்கிறது.
– எஸ்.ஜே., ஓமலூர்

வயிற்றுப் பக்கத் துண்டைக் கொடுங்கள். அங்கே விலா முள் மட்டும்தான், பெரிதாக இருக்கும், பார்த்து உருவிவிடலாம். கவை போன்ற பொடிமுள் முதுகுச் சதையிலும் வால் பக்கமும்தான் ஒளிந்திருக்கிறது. அந்தத் துண்டுகளை வறுவலுக்கு ஒதுக்கி, தோல் பக்கத்திலிருந்து நெல்மணி அகலத்துக்கு ஒன்றாக நெருக்க நெருக்கக் குறுக்கே கீறி, நிறைய எண்ணெயில் நிதானமான தீயில் மொறுமொறுவென்று பொரித்தால், துண்டான பொடிமுள் நொறுங்கிவிடும், பெரியவர்கள் மென்று தின்றுவிடலாம். மீனும் இரண்டு கிலோவுக்கு மேல் இருப்பதாகப் பாருங்கள், பெரிய மீனில் முள் கண்ணுக்குத் தெரியும்.