மரம் அடங்குதல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மதுரை கூடல்நகரில் இருக்கிறேன், ஐடி வேலை. ஓராண்டாக மாடியில் சின்ன லேத் போட்டுக் கடைசல் பழகுகிறேன். தேக்கு, ஈட்டி, பூவரசு மூன்றையும் துண்டு போட்டு, 12 துண்டுக்கு ஒரு வளையமாக ஒட்டி, அடிக்கு ஒரே தேக்குப் பலகை வைத்துச் சித்திரையில் ஒரு கிண்ணம் கடைந்தேன். ஐப்பசி மழையில் அடி வளையம் எதிரெதிரே இரண்டு இடத்தில் விரிந்துவிட்டது. பக்கத்துப் பட்டறை ஆசாரி "மரம் அடங்கல தம்பி" என்கிறார். இந்த மூடநம்பிக்கையெல்லாம் எனக்கு இல்லை. நல்ல பசை எது, விரியாமல் காக்கும் பாலிஷ் எது? ஆன்லைனில் விற்கலாமா?

க.

அன்புள்ள க.,

விற்பதெல்லாம் அப்புறம்.

போன வாரம் செக்கானூரணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பாதி மண்ணில் புதைந்த வண்டிச் சக்கரத்தைப் பார்த்து வெகுநேரம் நின்றேன். வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம்.

என் தாத்தா உசிலம்பட்டியில் வண்டி செய்தவர். சக்கரத்துக்கு 6 வட்டை (விளிம்பு வட்டமாகச் சேரும் வளைந்த மரத்துண்டு), 12 ஆரக்கால். வட்டை கருவேலத்தில். நீங்கள் ஒட்டுகிற வளையமும் அந்த வட்டைதான். எருவரட்டி நெருப்பில் சிவந்த இரும்புப் பட்டையைக் குறட்டால் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிப் போட்டதும் மரம் புகையும். தண்ணீரை ஊற்றுவார்கள். பட்டை சுருங்கச் சுருங்க வட்டைகள் ஒன்றையொன்று நெருக்கி முனகும். அந்த முனகலைக் கேட்க, கட்டை இரண்டு கோடை நிழலில் கிடந்து, பச்சை ஈரம் போய், அடங்கியிருக்க வேண்டும். அவசரப்பட்ட ஒரு சம்சாரிக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் தாத்தா. "அடங்காத கட்டையில செஞ்சா வண்டி வழியில படுத்துரும்யா."

அதே சொல்லைச் சொன்னவரை மூடநம்பிக்கைக்காரர் என்று எழுத உங்களுக்குக் கை கூசவில்லையா? நார் ஓடும் திசையில் மரம் அநேகமாக அசையாது. குறுக்குவாக்கில், காற்றின் ஈரத்துக்குத் தக்கபடி பெருக்கும், வற்றும். தேக்கு சாதுவான மரம். அதுவே பச்சையிலிருந்து முழுக்கக் காய்வதற்குள் குறுக்கே நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் சுருங்கக்கூடியது. உங்கள் வளையத்தில் 12 துண்டின் நாரும் வட்டத்தோடு ஓடுகிறது, அதனால் சுற்றளவு மாறாது. நடுவில் ஒட்டிய பலகையோ சித்திரையில் வற்றியிருந்தது, ஐப்பசியில் ஈரம் குடித்துக் குறுக்கே பெருத்தது. வளையம் எங்கே போகும்? கிண்ணத்தைத் திருப்பிப் பாருங்கள். பலகையின் நார் போய் முடிகிற இரண்டு பக்கத்தில்தான் விரிந்திருக்கும். பசை மேல் குற்றமில்லை. இன்னும் வலுவான பசை போட்டால் மரமே கிழியும்.

பழைய வீட்டுக் கதவைப் பார்த்ததே இல்லையா? சட்டத்தில் வெட்டிய காடிக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், பலகை பசையில்லாமல் சும்மா நிற்கும். மழைக்குப் பெருக்க அதற்கு இடம் உண்டு. கிண்ணத்தின் அடியையும் அப்படிக் காடியில் நிறுத்துங்கள். இல்லையா, அடியையும் துண்டுகளாலேயே செய்யுங்கள்.

பாலிஷ் ஈரத்தைத் தாமதப்படுத்தும், தடுக்காது. ஒன்று மட்டும்: ஈட்டித் தூள் பூவரசின் வெளிர்ப் பகுதியில் ஏறிக் கறையாகும். அரக்கை ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்து ஒரு கை பூசிவிட்டு உப்புத்தாள் போடுங்கள். தூளைத் துணியால் தேய்க்காமல் ஊதி எடுங்கள்.

விரிந்த கிண்ணத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தம்பி. அதை எடுத்துக்கொண்டு அந்த ஆசாரியிடம் போங்கள். காலையில் வேலை தொடங்குவதற்கு முன்பே போய்விடுங்கள், பிறகு அவருக்குப் பேச நேரமிருக்காது.