இன்குபேட்டரும் புச்சாவும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். போர்ச் செய்திகள் பற்றிய உங்கள் கட்டுரையில் 2022-ல் உக்ரைனின் புச்சா நகரத் தெருக்களில் பிணங்கள் கிடந்ததைப் படுகொலை என்று போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்தீர்கள். அதைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

கல்லூரிக் காலத்திலிருந்து பி.பி.சி.யும் சி.என்.என்.னும் பார்த்தவன் நான். பிறகு ஒரு யூடியூப் வீடியோவில் குவைத் இன்குபேட்டர் (குறைமாதக் குழந்தைகளை வைக்கும் பெட்டி) கதை தெரியவந்தது. ஒரு சிறுமியை அழவைத்து ஒரு போரையே நடத்தியிருக்கிறார்கள்! இராக்கில் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்றார்கள், அதுவும் பொய். மேற்கத்திய ஊடகம் எதையும் நம்புவதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன். இப்போது ரஷ்ய அரசின் ஆர்.டி. சேனல், சில டெலிகிராம் சேனல்கள், தமிழில் இரண்டு யூடியூபர்கள், இவ்வளவுதான் எனக்கு உலகச் செய்தி. புச்சா வீடியோவில் ஒரு பிணத்தின் கை அசைவதை என் கண்ணால் பார்த்தேன். இணைப்பு அனுப்பியிருக்கிறேன். இதுவும் இன்னொரு இன்குபேட்டர் நாடகம்தான் என்பது என் எண்ணம்.

என் நண்பன், "ஒரு கட்சியிலிருந்து இன்னொரு கட்சிக்குத் தாவிட்டே, அவ்வளவுதான். எல்லாச் செய்தியும் ஏதோ ஒரு கட்சியோடதுதான்" என்று கிண்டல் செய்கிறான். அப்படியானால் யாரைத்தான் நம்புவது?

கதிரவன்
ஈரோடு

*

அன்புள்ள கதிரவன்,

உங்கள் நண்பர் சொன்னதில் முதல் வாக்கியம் சரி. இரண்டாவது சரியில்லை. உங்களுக்கு நம்பிக்கை போன இடத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இன்குபேட்டர் கதையைச் சொல்கிற யூடியூப்காரர்கள் அதில் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

1990 அக்டோபர் 10. இராக் குவைத்தைப் பிடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலரின் மனித உரிமைக் குழு ஒன்று கூடியது. நயீரா என்ற 15 வயதுப் பெண் சாட்சி சொன்னாள். குவைத்தில் ஒரு மருத்துவமனையில் தொண்டு செய்ததாகவும், இராக் வீரர்கள் துப்பாக்கியோடு நுழைந்து, இன்குபேட்டரில் இருந்த குழந்தைகளை வெளியே எடுத்து, குளிர்ந்த தரையில் சாகப் போட்டதைக் கண்டதாகவும் சொல்லி அழுதாள். குவைத்தில் இருக்கும் உறவினர்களின் பாதுகாப்புக்காக முழுப்பெயர் வெளியிடப்படவில்லை. அது நாடாளுமன்றத்தின் முறையான குழு இல்லை என்பதால் சத்தியப் பிரமாணமும் கிடையாது. பொய் சொன்னாலும் யாரும் வழக்குப் போட முடியாது.

இந்த ஏற்பாட்டின் பின்னால் இருந்தது ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு (பி.ஆர்.) நிறுவனம். 'சுதந்திரக் குவைத்துக்கான குடிமக்கள்' என்ற அமைப்பு அதற்கு 1 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. பெயரில்தான் குடிமக்கள், பணம் ஏறக்குறைய முழுவதும் குவைத் அரசுடையது. அந்த நிறுவனமே கூட்டத்தைப் படம்பிடித்து, செய்தித்துண்டாக வெட்டித் தொகுத்து, தொலைக்காட்சி நிலையங்களுக்கு அனுப்பிவைத்தது. நிலையங்கள் அப்படியே போட்டன. அதிபர் புஷ் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். டிசம்பரில் மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் செத்த குழந்தைகள் 312 என்று எண்ணே கொடுத்தது. 1991 ஜனவரி 12 அன்று செனட் போருக்கு அனுமதி கொடுத்தபோது வாக்குகள் 52க்கு 47. செனட்டர்கள் பலர் தங்கள் பேச்சில் அந்தக் குழந்தைகளைக் குறிப்பிட்டிருந்தார்கள்.

இதுவரை உங்களுக்குத் தெரியும். இந்தப் பொய்யை உடைத்தது யார்? குவைத் மீட்கப்பட்டதும் 1991 மார்ச்சில் அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியின் ஜான் மார்ட்டின் அங்கே போய் மருத்துவர்களைக் கேட்டார். மருத்துவர்களும் செவிலியர்களும் ஓடிப்போனதால் சில குழந்தைகள் இறந்தது உண்மை, வீரர்கள் எடுத்து வீசியது நடக்கவில்லை என்று தெரிந்தது. ஏப்ரலில் ஆம்னெஸ்டி தன் அறிக்கையைத் திரும்பப் பெற்றது. நயீரா அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பதை 1992 ஜனவரியில் அம்பலப்படுத்தியவர் ஜான் மெக்கார்த்தர், ஹார்ப்பர்ஸ் இதழின் பதிப்பாளர். எழுதிய இடம் நியூயார்க் டைம்ஸ். ஆக, மேற்கத்திய ஊடகத்தைக் கைவிட உங்களுக்குக் காரணம் கொடுத்ததே மேற்கத்திய ஊடகம்தான். போர் முடிந்து, பிணங்களை அடக்கம் செய்த பிறகுதான் கொடுத்தது என்ற கோபம் எனக்கும் உண்டு. "இந்தப் பெண் யார் மகள்?" என்று 1990 அக்டோபரில் ஒரு நிருபர் கேட்டிருந்தால் போதும்.

இன்னொன்றும் அந்த வீடியோக்களில் வராது. குவைத்தில் இராக் படை செய்த சித்திரவதைகளும் கொலைகளும் ஏராளம். பிடித்துக்கொண்டு போய்த் திரும்பாதவர்கள் 600க்கும் மேல். பலரின் எலும்புகள் பல வருடம் கழித்துத்தான் கிடைத்தன. இன்குபேட்டர் கதை பொய் என்று தெரிந்ததும் இவர்களும் சேர்ந்து பொய்யாகிப் போனார்கள். இன்றைக்கு நம் ஊரில் குவைத் ஆக்கிரமிப்பு என்றால் நயீரா பெயர்தான் ஞாபகம் வருகிறது, அந்த 600 பேரில் ஒருவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

இராக் ஆயுத விஷயத்தில் நிலைமை வேறு. இங்கே அழுகிற சிறுமி இல்லை. 2002 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் ஒரு செய்தி. இராக் அதிபர் சதாம் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் அணுகுண்டுக்கான யுரேனியம் செறிவூட்டத்தான் என்று பெயர் சொல்லாத அதிகாரிகள் சொன்னார்கள். அன்று காலையே துணை அதிபர் டிக் செனி தொலைக்காட்சியில் உட்கார்ந்து, டைம்ஸிலேயே வந்திருக்கிறதே என்றார். அரசு பத்திரிகைக்குச் சொன்னது, பத்திரிகை எழுதியதை அரசு சாட்சியாகக் காட்டியது. நம் ஊர் அரசியலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தை புதிதில்லை.

அதே வாரங்களில், அதே வாஷிங்டனில், நைட் ரிடர் என்ற பத்திரிகைக் குழுமத்தின் ஜொனாதன் லாண்டே, வாரன் ஸ்ட்ரோபல் என்ற இரண்டு நிருபர்கள் நேர்மாறாக எழுதிக்கொண்டிருந்தார்கள். அமைச்சர்களையும் அவர்களின் உதவியாளர்களையும் விட்டுவிட்டு, உளவுத்துறையிலும் ராணுவத்திலும் நடுமட்டத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குப் போன் போட்டார்கள். அந்தக் குழாய்கள் சாதாரண பீரங்கி ராக்கெட்டுக்கு ஏற்றவை என்று எரிசக்தித் துறையின் நிபுணர்களே சொல்லிக்கொண்டிருந்தது அங்கே தெரிந்தது. அவர்கள் எழுதியதை அந்தக் குழுமத்தின் சில பத்திரிகைகளே போடத் தயங்கின. அரசின் கூற்றைச் சந்தேகித்து வாஷிங்டன் போஸ்டில் வால்டர் பின்கஸ் எழுதிய செய்தி வந்தது 2003 மார்ச் 16 அன்று, 17ஆம் பக்கத்தில். நாலு நாளில் போர். டைம்ஸ் தன் தவறை ஒப்புக்கொள்ள 2004 மே வரை ஆயிற்று. குழாய்ச் செய்தி முதல் பக்கத்தில் வந்தது; ஒப்புதல் 10ஆம் பக்கத்துக்குப் போனது.

டைம்ஸ் நிருபர்களுக்கு யாரும் பணம் கொடுக்கவில்லை. உயரத்தில் இருப்பவர்கள் தங்களிடம் மட்டும் பேசுகிறார்கள் என்ற பெருமையே போதுமானதாக இருந்தது. என்னைக் கேட்டால் பிரச்சாரத்தில் இதுதான் மலிவான முறை.

சரி, நீங்கள் தாவிய பக்கத்துக்கு வருவோம். 2014 ஜூலை 12 அன்று ரஷ்ய அரசின் சேனல் ஒன்று ஒரு பெண்ணின் பேட்டியை ஒளிபரப்பியது. ஸ்லோவியான்ஸ்க் நகரின் லெனின் சதுக்கத்தில் உக்ரைன் படையினர் மூன்று வயதுச் சிறுவனைப் பலகையில் சிலுவையில் அறைவதுபோல அறைந்தார்கள், ஊர்மக்களைக் கூட்டிவைத்துப் பார்க்கச் செய்தார்கள் என்றாள். ரஷ்யாவின் சுதந்திரப் பத்திரிகையாளர்களே அந்த ஊருக்குப் போனார்கள். ஊரில் ஒருவரும் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கவில்லை. அந்தப் பெயரில் சதுக்கமே இல்லை. இன்குபேட்டரின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே சாட்சி, ஒரு குழந்தை, படம் இல்லை. பிறகு கேள்வி வந்தபோது, அது ஓர் உண்மையான பெண் சொன்ன சொற்கள் என்று சேனல் சமாளித்தது. 2022 மார்ச்சில் ரஷ்யா கொண்டுவந்த சட்டப்படி ராணுவத்தைப் பற்றி 'பொய்ச் செய்தி' வெளியிட்டால் 15 வருடம் வரை சிறை. எனவே ரஷ்யாவின் ஜான் மார்ட்டின்களும் மெக்கார்த்தர்களும் இப்போது வெளிநாட்டில் இருந்துதான் எழுத வேண்டியிருக்கிறது.

இனி அந்தக் கை. நீங்கள் அனுப்பிய இணைப்பைப் பார்த்தேன். ஓடுகிற காருக்குள்ளிருந்து ஈரமான முன்கண்ணாடி வழியாக எடுத்த வீடியோ, டெலிகிராமில் கைமாறிக் கைமாறித் தேய்ந்துபோன பிரதி. அதன் அசல் பிரதி நல்ல தெளிவில் கிடைக்கிறது. அதை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கண்ணாடியில் இருக்கும் நீர்த்துளி காரோடு நகர்கிறது. அது கையைக் கடக்கும் கணத்தில் கை அசைவதுபோலத் தெரிகிறது. துளி நடைபாதையைக் கடக்கும்போது நடைபாதையும்தான் நெளிகிறது!

ரஷ்யப் படை 2022 மார்ச் 30 வாக்கில் புச்சாவை விட்டுப் போனது. தாங்கள் இருந்தவரை ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை, பிணங்கள் எல்லாம் பிறகு கொண்டுவந்து போட்டவை என்று ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் ஏப்ரல் 3 அன்று சொன்னது. மாக்ஸார் என்ற தனியார் நிறுவனத்தின் செயற்கைக்கோள் மார்ச் 19 அன்று எடுத்த படத்தில் யாப்லுன்ஸ்கா தெருவில் கருப்புக் கருப்பாக உருவங்கள் கிடக்கின்றன. ஏப்ரல் 2 அன்று பிரெஞ்சு செய்தி நிறுவனமான ஏ.எஃப்.பி.யின் செய்தியாளர்கள் அந்தத் தெருவில் நடந்து போனபோது கண்ட உடல்கள் அதே இடங்களில்தான். மார்ச் 19-ல் அந்தத் தெரு யார் கையில் இருந்தது? ரஷ்யப் படையிடம். பிறகு மாதக்கணக்கில் விசாரித்தவர்கள், கொன்றவர்கள் 234ஆம் வான்தாக்குதல் ரெஜிமென்ட் என்று அடையாளம் காட்டினார்கள். கொல்லப்பட்டவர்களின் செல்போனிலிருந்தே சில வீரர்கள் ரஷ்யாவில் தங்கள் வீட்டுக்குப் பேசியிருந்தார்கள். அந்த அழைப்புப் பதிவுகள் காட்டிக்கொடுத்துவிட்டன. இந்த விசாரணையை வெளியிட்டது எந்தப் பத்திரிகை தெரியுமா? குழாய்ச் செய்தியை வெளியிட்ட அதே நியூயார்க் டைம்ஸ்.

பத்திரிகையின் பெயரை வைத்து இந்த இரண்டு செய்திகளையும் பிரிக்க முடியாது. முதலாவதில் பெயரில்லாத அதிகாரிகள். இரண்டாவதில் தெருவின் பெயர், தேதி, போன் எண், போய்ப் பார்த்துவந்த பல நாட்டு நிருபர்கள். நீங்களோ நானோ உட்கார்ந்து சரிபார்க்கக்கூடிய படம். உங்கள் நண்பரின் இரண்டாவது வாக்கியம் தவறு என்று சொன்னது இதனால்தான்.

"எந்தக் கொடுமைச் செய்தியையும் நம்ப மாட்டேன்" என்ற உங்கள் முடிவுக்கு ஒரு முன்னோடி உண்டு. 1914-ல் ஜெர்மன் படை பெல்ஜியத்தில் ஏறக்குறைய 6,000 பொதுமக்களைக் கொன்றது. டினான் என்ற ஒரே ஊரில் 674 பேர். இந்த உண்மையே பிரிட்டனுக்குப் போதவில்லை. குழந்தைகளின் கையை வெட்டினார்கள் என்றார்கள். 1917-ல், ஜெர்மானியர்கள் தங்கள் வீரர்களின் பிணத்தையே காய்ச்சிக் கொழுப்பு எடுக்கிறார்கள் என்று லண்டன் பத்திரிகைகள் எழுதின. 1925-ல் அந்தப் பிணத் தொழிற்சாலைக் கதையை பிரிட்டிஷ் அரசே நாடாளுமன்றத்தில் கைவிட்டது. அதோடு டினானும் கட்டுக்கதை ஆகிவிட்டது. 1943-ல் போலந்தில் மக்களை விஷவாயுவில் கொல்கிறார்கள் என்ற தகவல் லண்டனுக்கு வந்தபோது, பிரிட்டிஷ் உளவுத்துறைக் கூட்டுக் குழுவின் தலைவர் காவண்டிஷ் பென்டிங்க் அதை நம்பத் தயங்கினார். சென்ற போரின் பிணக் கொழுப்புக் கதையைத்தான் அவர் தன் குறிப்பில் ஒப்பிட்டுக் காட்டினார்.

நமக்குத் தெரிந்த வன்னியையும் சொல்ல வேண்டும். 2009-ல் சுதந்திரமான பத்திரிகையாளர் எவரையும் இலங்கை அரசு போர்ப்பகுதிக்குள் விடவில்லை. புலிகளின் பகுதியிலும் அவர்களுக்கு எதிராக எழுத வழியில்லை. உள்ளே தற்காலிக மருத்துவமனை நடத்திய அரசு மருத்துவர்கள் போனில் சொன்ன எண்ணிக்கைதான் வெளியுலகுக்குக் கிடைத்தது. போர் முடிந்ததும் அவர்கள் கைதானார்கள். ஜூலையில் கொழும்பில் கேமராக்களின் முன் உட்காரவைக்கப்பட்டு, புலிகளின் வற்புறுத்தலால் கூட்டிச் சொன்னோம் என்றார்கள். அப்போதும் அவர்கள் காவலில்தான் இருந்தார்கள். பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் சொன்னது. வாஷிங்டனில் தூதரின் மகளைப் பேசவைத்த மேடையும் கொழும்பில் கைதான மருத்துவர்களைப் பேசவைத்த மேடையும் ஒரே தச்சுவேலை. எனவே ஒரு போர்ப்பகுதியில் நிருபர்களுக்குக் கதவை மூடியது யார் என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். காஸாவுக்குள் வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் 2023 அக்டோபர் முதல் தாங்களாகப் போக முடியாதபடி இஸ்ரேல் தடுத்தபோதும் அதையே பார்த்தேன்.

யாரை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். ஒரு சேனல் பெயரைச் சொல்லி உங்களை அங்கே அனுப்பிவைக்க எனக்கு மனமில்லை. போர்ச் செய்தி எதையும் முதல் இரண்டு நாள் நான் யாருக்கும் பகிர்வதில்லை. ராய்ட்டர்ஸ், ஏ.பி., ஏ.எஃப்.பி. ஆகிய செய்தி நிறுவனங்கள் மூன்றிலும் களத்திலிருந்து வந்திருக்கிறதா, ஒரே அதிகாரி சொன்னதை மூன்றும் எழுதியிருக்கின்றனவா என்று பார்ப்பேன். பிற்பாடு திருத்தம் வெளியிடுகிற பத்திரிகைக்கு என்னிடம் ஒரு மதிப்பெண் கூடும். ஆர்.டி.யையும் படியுங்கள், ரஷ்ய அரசு எதை நம்பவைக்க விரும்புகிறது என்பதும் தெரிய வேண்டிய தகவல்தான்.

நம் பக்கத்துப் போரும் ஒன்று இருக்கிறது. 2025 மே 8 இரவு இந்தியக் கடற்படை கராச்சி துறைமுகத்தைத் தாக்கிவிட்டது என்று நம் தொலைக்காட்சிகள் ஸ்டுடியோவில் சைரன் ஒலியோடு கொண்டாடின. அப்படி ஒரு தாக்குதல் நடக்கவே இல்லை. அந்த ராத்திரி உங்கள் நண்பர் எந்தச் சேனல் பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.