ஓடை எங்கே போயிற்று?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நான் மஸ்கட்டில் வேலை பார்க்கிறேன். ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளைப் பக்கம். நான்குவழிச் சாலை வந்ததும் எங்கள் 40 சென்ட் வயலுக்கு புரோக்கர் நினைத்தே பார்க்காத விலை சொல்கிறார். அப்பா விற்க மாட்டேன் என்கிறார். சுற்றிலும் எல்லோரும் மனை போட்டுவிட்டார்கள். தண்ணீரும் சரியாக வருவதில்லை, வயல் தரிசாகத்தான் கிடக்கிறது. கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு நம் மலைக்கல் போவதைத் திட்டி எழுதுகிறீர்கள். சாலையும் வேண்டாம், துறைமுகமும் வேண்டாம் என்றால் மாவட்டம் எப்படி முன்னேறும்? நிலத்தின் விலை ஏறினால் நமக்குத்தானே நல்லது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விழிஞ்ஞத்தை இன்றைக்கு விட்டுவிடுவோம், எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. சாலை வேண்டாம் என்று நான் எங்கும் சொன்னதில்லை. களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வந்து சேர்வதற்குள் இடுப்பு ஒடிகிற ஆள்தான் நானும். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது 'தண்ணீரும் சரியாக வருவதில்லை' என்ற வரி. மழை பெய்யவில்லை என்பதுபோல, யாருக்கும் அதில் பொறுப்பில்லாததுபோல எழுதியிருக்கிறீர்கள்.

சமீபத்தில் உறவினர் ஒருவருக்கு மனை பார்க்கத் துணைக்குப் போனேன். வாசலில் வளைவு, வரிசையாகக் கொடி, மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக்கல். அந்த வயல்வெளியை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கும்பப்பூ நெல் அறுப்புக்கு அத்தையோடு அங்கே போவேன். நடுவில் ஓர் ஓடை, முட்டளவு தண்ணீர், வேட்டியைத் தூக்கிக் கட்டாமல் யாரும் தாண்ட முடியாது. வரைபடத்தை விரித்துக் காட்டிய தம்பியிடம் ஓடை எங்கே என்று கேட்டேன். 'இருபதடி ரோடு' என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்தார். "அதுதான் சார் இது. ஸ்லாப் போட்டிருவோம்." அடுத்த மூச்சிலேயே, "லோனுக்கு நீங்க அலைய வேண்டாம், நாங்களே பண்ணித் தந்திருவோம்."

நம் ஊர் வயலுக்குத் தண்ணீர் எப்படி வருகிறது என்று உங்கள் தலைமுறைக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையிலிருந்து சானல் என்கிற கால்வாய், சானலிலிருந்து குளம், குளத்து மடையிலிருந்து ஓடை, அப்புறம் வயலுக்கு வயல். உங்கள் வயலுக்குப் பாய்கிற தண்ணீர் இன்னொருவன் வயலைத் தாண்டித்தான் வர வேண்டும். நடுவில் ஒருவன் பத்து சென்ட்டை மண் போட்டு மேடாக்கினால் போதும். கீழே இருப்பவனுக்குக் கோடையில் தண்ணீர் கிடையாது, மேலே இருப்பவனுக்கு மழையில் தண்ணீர் வடியாது. நெல்லைக் கைவிட்டு மேடு போட்டு வாழை வைப்பான். வாழைக்கு நடுவில் தென்னை வரும். கொஞ்ச வருடம் கழித்து, 'இது வயலே இல்லையே, விளைதானே, தோட்ட நிலம்தானே' என்று பேச்சு வரும். உங்கள் வயல் தரிசானது இப்படித்தான். அதைத் தரிசாக்கியவர்கள்தான் இப்போது தரிசைக் காட்டி விற்கச் சொல்கிறார்கள். 2021 நவம்பர் மழையில் நாகர்கோவிலைச் சுற்றி வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தபோது எல்லோரும் வானத்தைத் திட்டினோம்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016-இல் உயர் நீதிமன்றம் தடுத்தது. 2017-இல் அந்த மனைகளை முறைப்படுத்த அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. பழைய மனைகளுக்குக் கட்டணம் கட்டினால் சரியாகிவிடும். ஓடை சரியாகவில்லை.

விலைக்கு வருகிறேன். அந்த 40 சென்ட்டில் இரண்டு பூவும், அதாவது இரண்டு போகமும், விளைந்து வருகிற நெல்லுக்கும் புரோக்கர் சொல்கிற விலைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அடுத்து வாங்க வருகிறவனுக்கு பேங்க் எவ்வளவு கொடுக்கும், வளைகுடாவிலிருந்து எவ்வளவு வரும் என்பதுதான் அந்த விலை. ஏற்றிவிட்டவர்களில் நீங்களும் ஒருவர், எஸ். சாலைக்கும் இதே கணக்குதான். 2021-இல் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் சில சாலைகளை முதலீட்டாளர்கள் பங்கு வாங்குகிற ஒரு முதலீட்டு அறக்கட்டளைக்கு மாற்றிப் பணம் திரட்டியபோது, இரண்டு கனடா ஓய்வூதிய நிதிகள் அதில் ஆளுக்கு 25 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டன. அதில் ஒன்று ஆசிரியர்களுடையது. எங்கோ ஒன்டாரியோவில் ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு நம் நாட்டுச் சுங்கச்சாவடியிலிருந்து பென்ஷன் போகிறது. தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் பல வருடம் சுங்கம் தரப்போகிற சொத்தாகச் சாலையைப் பார்க்கிறவனுக்குக் குளம் குறுக்கே வந்தால் அது செலவுக் கணக்கில் ஒரு வரி, அவ்வளவுதான்.

இன்னொன்று, நிலம் எடுப்புக்கு இழப்பீடு குறைவு என்று நம் ஆட்கள் புலம்புவார்கள். அக்கம்பக்கத்துப் பத்திர விலையையும், பத்திரப்பதிவுக்கு அரசு நிர்ணயிக்கிற வழிகாட்டி மதிப்பையும் வைத்துத்தான் அதைக் கணக்கிடுவார்கள். பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்று வாங்கி விற்றுவிட்டு யாரைக் குறை சொல்வது? கேட்டால் கோபம் வரும்.

விற்கலாமா என்பதுதானே உங்கள் கேள்விக்குள் இருக்கிற கேள்வி. பணத்துக்கு அவசரமா, ஆஸ்பத்திரிச் செலவா, கல்யாணமா, எதுவும் எழுதவில்லை. அவசரம் இருந்தால் நான் யார் தடுக்க. இல்லையென்றால் அடுத்த லீவில் வரும்போது வி.ஏ.ஓ. ஆபீஸில் நிலத்தின் எல்லைகளைக் காட்டுகிற புல வரைபடத்தைப் பாருங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போய், இதற்குக் கீழே யார் யார் வயல் என்று கேளுங்கள். அவர் ஏன் மாட்டேன் என்கிறார் என்று இத்தனை நாளில் ஒருமுறையாவது அவரிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.