காய்ச்சலுக்குப் பிறகு விந்தணு எண்ணிக்கை குறைவு

தம்பி, டெங்கு வந்து ஆறு வாரம் கழித்து எடுத்த பரிசோதனையில் எண்ணிக்கை மில்லிக்கு 90 லட்சம்தான், இனி குழந்தை பிறக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு தாளை வைத்து முடிவுகட்ட வேண்டாம்.

விரைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதே சூடு ஆகாது என்பதால்தான். உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவாக இருந்தால்தான் அங்கே வேலை ஒழுங்காக நடக்கும். குளிரில் பை சுருங்கி மேலே ஏறுகிறது, வெயிலில் தளர்ந்து இறங்குகிறது, பார்த்திருப்பீர்களே. காய்ச்சல் 103 அடித்தால் அந்த ஏற்பாடு எடுபடாது.

ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள். பிறகு விரையின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சுருள்குழாயில் (நீட்டினால் 6 மீட்டர் வரும்!) ஊர்ந்து போகும்போதுதான் நீந்தும் திறன் வருகிறது. ஆக, நீங்கள் கொடுத்த மாதிரியில் இருந்தவை காய்ச்சல் நேரத்தில் உருவாகிக்கொண்டிருந்தவை.

காய்ச்சல் விட்டு மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள். அதற்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இடைவெளி விட்டு, லேபிலேயே கொடுங்கள். வீட்டிலிருந்து என்றால் டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ்வரம்பு 1.6 கோடி, ஒரு வருடத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேர் அதற்குக் கீழேதான்.

அப்போதும் குறைந்தால் யூராலஜிஸ்டிடம் போங்கள். இடப்பக்க விரைப்பையில் ரத்தக்குழாய் புடைத்திருக்கிறதா என்று நிற்கவைத்துப் பார்ப்பார். அப்புறம், மாமா வாங்கித் தந்ததாக நீங்கள் எழுதியிருந்த லேகியத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள்.