ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம்

கேள்வி: டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலை இருமுறை தொடங்கி, நூற்றைம்பது பக்கங்களைத் தாண்டுவதற்குள் நிறுத்திவிட்டேன். நாளொன்றுக்கு இருபது நிமிடம்தான் ஒதுக்க முடியும். இப்படித் துண்டு துண்டாக வாசித்தால் கதை மனத்தில் நிற்குமா?

பதில்: நிற்கும், ஆனால் நிமிடக் கணக்கை விட்டுவிட்டு அத்தியாயக் கணக்கில் வாசியுங்கள். நேரம் முடிந்ததென்று ஓர் உரையாடலின் நடுவே புத்தகத்தை மூடினால், மறுநாள் விட்ட இழையைப் பிடிப்பதிலேயே பாதி நேரம் கழிந்துவிடும். இந்நாவலில் உள்ள 361 அத்தியாயங்களில் பெரும்பாலானவை சில பக்கங்களே கொண்டவை என்பதால், நாளுக்கு ஒன்றாகப் படித்தாலும் ஓராண்டுக்குள் முடிந்துவிடும். இதன் தொடக்கப் பகுதிகள் 1865 முதல் இதழொன்றில் வெளிவந்து, முழு நூல் 1869-இல்தான் நிறைவுற்றது. அதன் முதல் வாசகர்களும் இடைவெளி விட்டுத்தான் படித்தார்கள். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ வாசகர்களும் வாரக்கணக்கில் காத்திருந்தவர்களே.

நீங்கள் நின்றுபோனதற்குப் பக்க எண்ணிக்கையைவிடப் பெயர்களே காரணமாக இருக்கக்கூடும். ஒரே மனிதர் ஓரிடத்தில் பியேர், இன்னோரிடத்தில் பியோத்தர் கிரில்லோவிச், மற்றோரிடத்தில் பெசுகோவ் பிரபு என்று அழைக்கப்படுகிறார். முதற்பெயர், தந்தைவழிப் பெயர், குடும்பப் பெயர் ஆகிய மூன்றையும் சூழலுக்கேற்ப மாற்றி வழங்குவது ரஷ்ய வழக்கம். ஆகவே ஒரு தாளைக் குடும்பவாரியாகப் பிரித்து, புதிய பெயர் வரும்போதெல்லாம் உரிய இடத்தில் நீங்களே எழுதி வாருங்கள். இணையத்தில் கிடைக்கும் ஆயத்தப் பட்டியல்களை நான் பரிந்துரைப்பதில்லை. யார் யாரை மணக்கிறார், யார் இறக்கிறார் என்பதையும் அவை சேர்த்தே சொல்லிவிடுகின்றன! ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் முந்தைய அத்தியாயத்தின் கடைசிப் பத்தியை மீண்டும் படித்துக்கொள்வதும் உதவும்.

சில நாட்கள் தவறினால், விட்டதை ஒரே மூச்சில் ஈடுகட்ட முயலாதீர்கள். வாசிப்பு கடனாக மாறுவது பெரும்பாலும் அங்கேதான். நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். மாறாக, கதை இழுத்துச் செல்லும் நாளில் மூன்று அத்தியாயங்களைப் படிப்பதில் தவறேதும் இல்லை.

எல்லாப் பகுதிகளுக்கும் இந்த அளவு ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். விக்டர் ஹியூகோவின் ‘லே மிசராப்ளே’யில் 365 அத்தியாயங்கள் இருப்பதால் நாளுக்கு ஒன்று என்பது கச்சிதமாகத் தோன்றும், ஆனால் வாட்டர்லூ போரை விவரிக்கும் 19 அத்தியாயங்களில் கதை ஏறத்தாழ நின்றே விடுகிறது. அத்தகைய இடங்களை நாளுக்கு இரண்டு மூன்றாகக் கடந்துவிடுவது நல்லது. உங்கள் நாவலில் அதற்கு நிகரானது இரண்டாம் பின்னுரையின் 12 அத்தியாயங்கள். அவை வரலாற்றைப் பற்றிய கட்டுரையே. கதை அதற்கு முன்பே முடிந்துவிடுவதால், அப்பகுதியைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தாலும் கதையில் எதையும் இழக்க மாட்டீர்கள்.