சமையல் மேடைக்கு டைல்ஸ்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

கேபினட் மேல் 19 மி.மீ. பிளைவுட் போட்டாச்சு. அதன் மேலேயே டைல் ஒட்டிவிடலாமா சார்?

வேண்டாம். பிளைவுட் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், டைல் அசையாது. இந்த இழுபறியில் முதலில் கிரவுட் (டைல் இடுக்கில் நிரப்பும் கலவை) விரிசல் விடும், அப்புறம் சிங்க் ஓரத்து டைல் கழன்று வரும். பிளைவுட் நீர் தாங்கும் ரகமாக இருந்தால் அடிப்பலகையாக அப்படியே விடுங்கள். மேலே 6 மி.மீ. சிமென்ட் போர்டு போடுங்கள்.

போர்டை வெறும் ஸ்குரூவால் இறுக்கினால் அடியில் வெற்றிடம் தங்கிவிடும். பிளைவுட் மேல் டைல் பசையைப் பல் கரண்டியால் (விளிம்பில் பல் வெட்டிய கொத்துக் கரண்டி) இழுத்து, போர்டை அதில் பதித்து, பசை ஈரமாக இருக்கும்போதே 20 செ.மீ.க்கு ஒன்றாகத் துருப்பிடிக்காத ஸ்குரூ அடிக்க வேண்டும். இரண்டு போர்டுகளுக்கு நடுவே 3 மி.மீ. இடைவெளி விட்டு, பசை நிரப்பி, சிமென்ட்டின் காரத்தைத் தாங்கும் கண்ணாடியிழை டேப் ஒட்டுங்கள். பிளைவுட் இணைப்புக்கு நேர் மேலே போர்டு இணைப்பு வரக்கூடாது. சிமென்ட் போர்டு தண்ணீரில் கெடாதே தவிர, தண்ணீரை உள்ளே விடும். அதனால் சிங்க்கைச் சுற்றி, வெட்டிய விளிம்பையும் சேர்த்து, வாட்டர்ப்ரூஃபிங் இரண்டு கோட் அடிப்பது அவசியம்.

பழைய கிரானைட்டை உடைக்காமல் அதன் மேலேயே ஒட்டலாமா?

கல் ஆடாமல் இருந்தால் தாராளமாக. பாலிஷும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் எதிரி. முதலில் பிசுக்கு நீக்கியால் கழுவிவிட்டு, பளபளப்பு போகும்வரை கிரைண்டரால் சொரசொரப்பாக்குங்கள். நீர் உறிஞ்சாத பரப்புக்கு ஏற்றது என்று பையில் எழுதிய பாலிமர் கலந்த பசைதான் வேண்டும். சாதா சிமென்ட் சாந்து பிடிக்காது. மேடை 12 முதல் 15 மி.மீ. வரை உயரும். சிங்க் விளிம்பு, அடுப்பு, சுவரிலுள்ள பிளக் பாயிண்ட் இவற்றுக்கு இடம் இருக்கிறதா என்று முதலிலேயே அளந்துகொள்ளுங்கள்.

எந்த டைல் நல்லது?

போர்சிலின். நீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்குள் இருக்கும். சுவர் டைல் மெலிசு. பாத்திரம் விழுந்தால் போச்சு.

அடுக்கும்போது எங்கிருந்து தொடங்குவது அண்ணா?

முன் விளிம்பிலிருந்து. கண்ணில் படுவது அதுதான், அங்கே முழு டைல் வரட்டும். வெட்டுத் துண்டு சுவரோரம் ஒளிந்துகொள்ளும். சிங்க்கின் இரு பக்கமும் ஒரே அளவு வரும்படி, ஸ்பேசர் (இடைவெளி சீராக வர நடுவே வைக்கும் பிளாஸ்டிக் துண்டு) வைத்து, பசையில்லாமல் ஒருமுறை அடுக்கிப் பார்த்துவிடுங்கள். எங்காவது பாதிக்கும் குறைவான கீற்று விழுந்தால் மொத்த வரிசையையும் நகர்த்துங்கள். சிங்க் மூலைக்கு 'எல்' வடிவில் வெட்டும்போது உள்மூலையில் முதலில் வைர முனை பிட்டால் துளையிட்டு, அந்தத் துளை வரைக்கும் வெட்டுங்கள். கூர்மையான மூலையாக விட்டால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

ஒட்டி ஒரு மாதத்தில் சில டைல்களைத் தட்டினால் 'டொக்கு டொக்கு' என்கிறது. பசை மட்டமா?

பெரும்பாலும் பசை மேல் தப்பிருக்காது, போட்ட விதத்தில்தான். நாலு மூலையிலும் நடுவிலும் பசை உருண்டை வைத்து அழுத்தும் பழக்கம் இன்னும் போகவில்லை. இடையில் உள்ள இடமெல்லாம் காற்று. கனமான பாத்திரத்தை அங்கே வைத்தால் டைல் உடையும், தண்ணீரும் தேங்கும்.

சரியான முறை: தண்ணீரில் பசைத் தூளைக் கொட்டிக் கலக்கி, 5 முதல் 10 நிமிடம் ஊறவிட்டு, மறுபடி கலக்குங்கள். இறுக ஆரம்பித்த பிறகு தண்ணீர் விட்டு இளக்கக் கூடாது, பலம் போய்விடும். கரண்டியின் தட்டைப் பக்கத்தால் அழுத்தித் தேய்த்து, பல் பக்கத்தால் ஒரே திசையில் கோடு இழுங்கள். குறுக்கும் நெடுக்குமாக இழுத்தால் காற்று வெளியேற வழியிருக்காது. டைலின் பின்பக்கமும் மெல்லிய பூச்சு கொடுத்து, கோடுகளுக்குக் குறுக்காக முன்னும் பின்னும் அசைத்து அழுத்துங்கள். 15 நிமிடத்தில் ஒட்டி முடிக்கிற அளவுக்கு மட்டும் பரப்புங்கள். விரலால் தொட்டால் பசை ஒட்டவில்லையென்றால் மேலே தோல் கட்டிவிட்டது, வழித்து எறிந்துவிடுங்கள். நடுநடுவே ஒரு டைலைப் பெயர்த்துப் பாருங்கள்: பின்புறம் 95 சதவீதமாவது பசை அப்பியிருக்க வேண்டும்.

சுவரும் மேடையும் சேரும் இடத்தில் கிரவுட் திரும்பத் திரும்ப விரிசல் விடுகிறது. என்ன செய்ய?

அங்கே கிரவுட்டே போடக் கூடாது. இரண்டும் தனித்தனியாக அசையும். பழையதைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, பூஞ்சை தாங்கும் சிலிக்கான் அடியுங்கள். சிங்க் விளிம்புக்கும் இதே வைத்தியம். டைல்களுக்கு நடுவே எபாக்ஸி கிரவுட் போடுங்கள். சிமென்ட் கிரவுட் கறையைக் குடிக்கும், சீலர் (கறை இறங்காமல் தடுக்கும் பூச்சு) அடித்தாலும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். எபாக்ஸி, கலந்தால் இறுகும் இரண்டு பாகமாக வரும்; அவற்றைக் கண் அளவில் பிரிக்காதீர்கள். மேலே படியும் படலத்தை அன்றே துடைத்துவிடுங்கள், இறுகினால் பிடிவாதம்.

3 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகல மேடைக்கு எவ்வளவு வாங்க?

பரப்பு 1.8 சதுர மீட்டர். வெட்டுச் சேதாரம் 10 சதவீதம் சேர்த்து 2 சதுர மீட்டர் டைல்; மேடையின் முன் விளிம்புப் பட்டைக்குத் தனி. பசை, ஒரு மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1.5 கிலோ. 3 மி.மீ. கனம் என்றால் 8 கிலோ சொச்சம். போர்டுக்கு அடியில் போடுவதையும் சேர்த்தால் 20 கிலோ பை ஒன்று தாங்கும். 30 செ.மீ. டைல், 3 மி.மீ. இடைவெளி என்றால் கிரவுட் 1 கிலோ போதும். டைல் ஒட்டி 24 மணி நேரம் கழித்துக் கிரவுட் போடுங்கள்.