ரத்த வங்கிப் பணியாளர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: ரத்த வங்கியில் டெக்னீஷியனாக இருக்கிறேன். இந்த வேலை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் சில மாதங்களாகக் காலையில் கிளம்பவே மனம் வருவதில்லை. இது பணிச்சோர்வா?

இருக்கலாம். வேலை பிடித்திருப்பதால் சோர்வு வராது என்று பலரும் நினைக்கிறார்கள். வேலையில் நிறைவைத் தருபவை வேறு, மனக்குறையைத் தருபவை வேறு என்று உளவியலாளர் ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-லேயே எழுதினார். உயிர் காக்கும் பணி என்ற பெருமிதம், அடுத்தடுத்து விழும் இரவு ஷிப்டுகளை ஈடுகட்டாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-11 பணிச்சோர்வை நோயாகக் கருதவில்லை. சமாளிக்கப்படாமல் நீடிக்கும் பணியிட அழுத்தத்தின் விளைவு என்கிறது. தீராத களைப்பு, வேலையிடம் விலகலோ கசப்போ, நம்மால் முடியவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும்தான் அதன் அடையாளங்கள். தயவுசெய்து இதை உங்கள் பலவீனம் என்று எண்ணாதீர்கள். தூக்கமின்மையும் எதிலும் நாட்டமின்மையும் விடுமுறையிலும் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். அது மனச்சோர்வாகவும் இருக்கக்கூடும்.

கேள்வி: முகாம்களில் பணிபுரியும் நர்ஸ் நான். ரத்தம் எடுப்பதைவிட, கொடுக்க வந்தவரைத் திருப்பி அனுப்புவதுதான் என்னை அதிகம் களைப்பாக்குகிறது. ஏன்?

ஏனென்றால் அந்த உழைப்பு கணக்கிலேயே வருவதில்லை. மாலையில் எத்தனை பைகள் என்றுதான் கேட்பார்கள். ஹீமோகுளோபின் குறைவு என்றதும் முகம் வாடியவரைத் தேற்றியது, கோபப்பட்டவரிடம் பொறுமையாகப் பேசியது, மயங்கியவரின் கால்களை உயர்த்திவைத்து அருகிலேயே நின்றது, இவை எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஆனால் கொடையாளரையும் நோயாளியையும் ஒருசேரக் காப்பது, கொடுக்க வந்தவரைப் பரிசோதிக்கும் அந்த மேசைதான். அங்கே ஒருவரே நாள் முழுவதும் அமரக் கூடாது, முறைவைத்து மாற்றிக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்பியவர்களின் எண்ணிக்கையையும் அன்றைய அறிக்கையில் எழுதுங்கள்.

கேள்வி: இரவில் தனியாக கிராஸ்மேட்ச், அதாவது கொடையாளரின் ரத்தம் நோயாளிக்குப் பொருந்துமா என்ற சோதனை, செய்கிறேன். தவறு செய்துவிடுவேனோ என்ற பயம் வீட்டிலும் விடுவதில்லை.

வகை மாறிய ரத்தம் உயிரைப் பறிக்கும் என்று அறிந்தவருக்கு வரும் பயம் இது, நியாயமானதுதான். ஆனால் அத்தகைய விபத்துகளில் பெரும்பாலானவை சோதனை முறையின் பிழையால் நேர்வதில்லை. ஆள் மாற்றி மாதிரி எடுப்பது, லேபிள் மாறுவது, தவறான நோயாளிக்கு ஏற்றுவது என அடையாளக் குழப்பத்தால்தான் நேர்கின்றன. களைத்த கண்களுக்கு அந்தக் குழப்பம் எளிதில் தப்பிவிடும். ஆகவே உங்கள் ஓய்வு நோயாளியின் பாதுகாப்பு சார்ந்தது. அதைச் சலுகையாகக் கேட்காதீர்கள். நூலிழையில் தப்பிய தவறுகளைத் தண்டனை பயமின்றிப் பதிவு செய்ய வழி இருக்கிறதா என்று மேலதிகாரியிடம் கேளுங்கள். அது இல்லாத இடத்தில்தான் பயம் வீடுவரை வருகிறது.

கேள்வி: பொறுப்பாளராக இருக்கிறேன். பாராட்டு விழா நடத்தினால் ஊழியர்கள் உற்சாகமடைவார்களா?

ஒரு மாலை மட்டும். முதலில் ஷிப்ட் பட்டியலைச் சரிசெய்யுங்கள். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகள் எடுத்துவைத்தபின் பொதுவாக ஐந்து நாட்களே தாங்கும் என்பதால் விடுமுறை நாளிலும் யாராவது வந்தாக வேண்டும். எப்போதும் அதே நபர் வரக் கூடாது. பிறகு, அவர்கள் அனுப்பும் பைகள் எங்கே போயின என்பதைச் சொல்லுங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம்; பிரசவத்தில் ரத்தம் இழந்த ஒரு தாய் இன்று வீடு திரும்பினார் என்ற ஒரு வரி போதும். அதைக் கேட்டதே இல்லாத ரத்த வங்கி ஊழியர்கள் இருக்கக்கூடும்.